புடத்தில் பிறக்கும் மீக்கடத்தி



பிள்ளைகளின் பள்ளிச் சீருடையைத் தேய்த்து முடித்து, சுவிட்சை அடைத்துவிட்டு இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கும்போது, அது கையில் சற்று வெதுவெதுப்பாக இருப்பதைத் தாய்மார்கள் கவனித்திருப்பீர்கள். பெட்டி சூடாவது நமக்கு வேண்டியதுதான். பிளக்கும் கம்பியும் ஏன் சூடாக வேண்டும்? அந்தச் சூட்டினால் நமக்கு ஒரு பயனும் இல்லை. ஆனாலும், மாதக் கடைசியில் வரும் மின்கட்டணத்தில் அதற்கும் சேர்த்துத்தான் காசு கட்டுகிறோம்.

மின்சாரம் என்பது எலெக்ட்ரான் என்னும் மிக நுண்ணிய துகள்களின் ஓட்டம். செம்புக் கம்பிக்குள் அவை ஓடும்போது, கம்பியில் உள்ள அணுக்கள் சும்மா நிற்பதில்லை. வெப்பத்தினால் இடைவிடாமல் ஆடிக்கொண்டே இருக்கின்றன. சந்தை நாளில் கூட்டத்தை இடித்துக்கொண்டு நடப்பவன் களைத்துப் போவதுபோல, எலெக்ட்ரான்களும் மோதி மோதித் தம் வலுவில் ஒரு பகுதியை இழக்கின்றன. இழந்த வலு வெப்பமாகிறது. இதைத்தான் மின்தடை என்கிறோம். மின் நிலையத்திலிருந்து நம் வீடு வரையில் நீளும் கம்பிகள் எல்லாவற்றிலும் இந்த இழப்பு நடந்துகொண்டே இருக்கிறது.

தடையே இல்லாத பொருள் உண்டா? உண்டு. அதற்கு மீக்கடத்தி என்று பெயர். மீக்கடத்திகளில் ஒரு வகை, தட்டையும் கோப்பையையும் போல உலையில் சுட்டெடுக்கும் பீங்கான் வகையைச் சேர்ந்தது. இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவன் எழுந்து, "சார், பீங்கானில் மின்சாரம் ஓடாதே! மின்கம்பத்தில் கம்பியைத் தாங்கப் பீங்கானைத்தானே வைக்கிறார்கள்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை, இந்தப் பீங்கானை எப்படித் தயாரிக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. இன்று அந்தத் தயாரிப்பு முறையைப் பற்றித்தான் உங்களோடு பேசப் போகிறேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1911ஆம் ஆண்டு ஹாலந்து நாட்டின் லைடன் நகரில், காமர்லிங் ஓனஸ் என்ற பேராசிரியர் பாதரசத்தைக் குளிரவைத்து அதன் மின்தடையை அளந்துகொண்டிருந்தார். பூஜ்யத்துக்குக் கீழே 269 பாகை செல்சியஸ் அளவுக்கு அது குளிர்ந்ததும், தடை சட்டென்று மறைந்துவிட்டது. குறைந்தது என்று சொல்லவில்லை, நேயர்களே, அடியோடு மறைந்துவிட்டது. மீக்கடத்தி கண்டுபிடிக்கப்பட்டது அப்படித்தான்.

ஆனால், அந்தக் குளிரை உண்டாக்கத் திரவ ஹீலியம் வேண்டும். ஹீலியம் அரிய வாயு, விலையும் அதிகம். ஆகவே, இவ்வளவு கடுங்குளிர் இல்லாமலே மீக்கடத்தியாகும் பொருள் ஏதாவது உண்டா என்று உலகெங்கும் தேடினார்கள். எத்தனையோ உலோகங்களையும் உலோகக் கலவைகளையும் சோதித்தார்கள். 1973ஆம் ஆண்டில் பூஜ்யத்துக்குக் கீழே 250 பாகை என்ற இடத்துக்கு வந்தார்கள். அதற்குப் பிறகு பத்தாண்டுகளுக்கு மேலாக ஓர் அடிகூட முன்னேற முடியவில்லை.

சுவிட்சர்லாந்தில் ஜூரிக் நகரை ஒட்டியுள்ள ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் அலெக்ஸ் முல்லர், கியோர்க் பெட்நோர்ஸ் என்ற இருவர் வேறு வழியில் சிந்தித்தார்கள். உலோகத்தை விட்டுவிட்டு, உலோகமும் ஆக்சிஜனும் சேர்ந்த ஆக்சைடுகளில் தேடினார்கள். 1983ஆம் ஆண்டு தொடங்கிய வேலை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பலன் தரவில்லை. பிறகு, 1985ஆம் ஆண்டின் இறுதியில், பிரெஞ்சு ஆய்வாளர்கள் எழுதிய ஒரு கட்டுரை பெட்நோர்ஸின் கண்ணில் பட்டது. லாந்தனம், பேரியம், செம்பு, ஆக்சிஜன் ஆகிய நான்கும் சேர்ந்த ஒரு பீங்கானை அவர்கள் செய்திருந்தார்கள். அது உலோகம்போல் மின்சாரத்தைக் கடத்துகிறது என்றும் எழுதியிருந்தார்கள். ஆனால், அவர்கள் அளந்து பார்த்தது பூஜ்யத்துக்குக் கீழே 100 பாகை வரையில்தான். அதற்கும் கீழே குளிர்வித்துப் பார்க்கவில்லை. புதையல் அவர்கள் கையிலேயே இருந்தது. பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை.

பெட்நோர்ஸும் முல்லரும் அந்த வகைப் பொருளைத் தாங்களே செய்து மேலும் குளிரவைத்தார்கள். 1986 ஜனவரியில், பூஜ்யத்துக்குக் கீழே 238 பாகை அளவிலேயே தடை விழத் தொடங்குவதைக் கண்டார்கள். அடுத்த ஆண்டே, 1987இல், இருவருக்கும் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அவர்கள் அந்தப் பீங்கானைச் செய்த விதம் நம் தோட்டத்து மக்களுக்கு உடனே விளங்கும். பால் மரத்தின் பாலைத் தொட்டியில் ஊற்றி, தண்ணீர் சேர்த்து, அளவாக பார்மிக் ஆசிட் கலந்தால் என்ன ஆகிறது? பாலில் பரவிக் கிடந்த ரப்பர் ஒன்றுகூடி உறைகிறது. தெளிந்த தண்ணீர் தனியே நிற்கிறது. பெட்நோர்ஸ், லாந்தனம், பேரியம், செம்பு ஆகியவற்றின் நைட்ரேட் உப்புகளைத் தண்ணீரில் கரைத்தார். அந்தக் கரைசலை ஆக்சாலிக் ஆசிட் கரைசலில் ஊற்றினார். மூன்று உலோகங்களும் ஆக்சலேட் என்னும் கரையாத தூளாக மாறி, ஒன்றோடொன்று கலந்தபடியே கீழே படிந்தன. ரப்பர்ப் பால் உறைவதும் இதுவும் இரசாயனத்தில் ஒன்றல்ல. ஆனால், கரைசலிலோ பாலிலோ பரவியிருப்பதை ஆசிட் கொண்டு திரட்டி எடுக்கும் உபாயம் ஒன்றுதான். அந்தத் தூளை 900 பாகையில் 5 மணி நேரம் சுட்டு, அழுத்தி வில்லையாக்கி, மறுபடியும் சுட்டார்கள். அவ்வளவுதான்.

இந்தச் செய்தி பரவியதும் அமெரிக்காவில் வேலை மும்முரமானது. ஹியூஸ்டன் பல்கலைக்கழகத்தில் பால் சூ என்பவரும், அவரிடம் முன்பு படித்த மாணவரும் அப்போது அலபாமாவில் ஆசிரியராக இருந்தவருமான மா-குவென் வூ என்பவரும், லாந்தனத்துக்குப் பதிலாக இட்ரியம் என்ற உலோகத்தைப் போட்டுப் பார்த்தார்கள். 1987 ஜனவரி இறுதியில் அலபாமாவில் செய்த அந்தப் பொருள், பூஜ்யத்துக்குக் கீழே 180 பாகையிலேயே மீக்கடத்தியாகிவிட்டது.

இந்த 180 என்ற எண் ஏன் முக்கியம்? நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் ஏறத்தாழ நான்கு பங்கு நைட்ரஜன் வாயு. அதைத் திரவமாக்கினால் பூஜ்யத்துக்குக் கீழே 196 பாகையில் கொதிக்கும். ஆகவே, திரவ நைட்ரஜனை ஊற்றினாலே இந்தப் பீங்கான் போதிய அளவு குளிர்ந்துவிடும். அரிய ஹீலியத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை. காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால், அலபாமாவில் செய்த அந்த முதல் வில்லை தூய பொருள் அன்று. அதில் பச்சையும் கறுப்பும் கலந்திருந்தன. எது மீக்கடத்தி என்று பிரித்துப் பார்த்தபோது, கறுப்புதான் அது என்று தெரிந்தது. பச்சை வெறும் மின்கடத்தாப் பொருள். கறுப்பில் இட்ரியம் 1, பேரியம் 2, செம்பு 3 என்ற கணக்கில் அணுக்கள் இருந்தன. அதனால் அதற்கு ஒன்று-இரண்டு-மூன்று என்றே செல்லப்பெயர் வந்துவிட்டது. பச்சையில் இதே மூன்று உலோகங்கள்தாம். கணக்கு மட்டும் வேறு. இனி, பச்சை வராமல் கறுப்பை மட்டும் எடுப்பது எப்படி என்று பார்ப்போம்.

வேண்டிய பொருள்கள் மூன்று. இட்ரியம் ஆக்சைடு, பேரியம் கார்பனேட், செம்பு ஆக்சைடு. முதல் இரண்டும் வெள்ளைத் தூள். மூன்றாவது கறுப்புத் தூள்.

முதல் வேலை நிறுப்பது. ஒன்று, இரண்டு, மூன்று என்பது அணுக்களை எண்ணிச் சொன்ன கணக்கு. தராசில் 1 கிராம், 2 கிராம், 3 கிராம் என்று போட்டால் வேலை கெட்டுவிடும். ஒரு தேங்காயும் இரண்டு எலுமிச்சம்பழமும் எண்ணிக்கையில் ஒன்றும் இரண்டும்தான். எடையிலோ தேங்காய்தான் அதிகம். அதுபோல, ஒரு பேரியம் அணு ஒரு செம்பு அணுவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கனமானது. கணக்குப் போட்டுப் பார்த்தால், இட்ரியம் ஆக்சைடு 11.29 கிராம், பேரியம் கார்பனேட் 39.47 கிராம், செம்பு ஆக்சைடு 23.86 கிராம் என்று வரும். மொத்தம் 74.62 கிராம். இந்தக் கணக்கு பிசகினால் பச்சைப் பொருளோ வேறு கழிவோ உள்ளே தங்கிவிடும்.

இரண்டாவது வேலை அரைப்பது. நாட்டு வைத்தியர்கள் மருந்தரைக்கும் கல்வத்தைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். ஆய்வுக்கூடத்திலும் மிகக் கடினமான கல்லால் செய்த கல்வம்தான் வைத்திருக்கிறார்கள். வெள்ளையும் கறுப்பும் தனித்தனியே கண்ணுக்குத் தெரியாமல் ஒரே சாம்பல் நிறமாகும் வரையில் அரைக்க வேண்டும். ஏன் இவ்வளவு சிரமம்? இந்தத் தூள்கள் உலையில் உருகிக் கலப்பதில்லை. திடப் பொருளாகவே இருந்து, ஒன்றையொன்று தொடும் இடத்தில் மட்டும் அணுக்கள் மெல்ல மெல்ல இடம் மாறுகின்றன. பருக்கை பெரிதாக இருந்தால், அதன் நடுப்பகுதிக்கு மற்றத் தூளின் அணுக்கள் போய்ச் சேரா.

மூன்றாவது வேலை சுடுவது. தூளை மூசையில் இட்டு மின் உலையில் வைத்து, 900 முதல் 950 பாகை வெப்பத்தில் பல மணி நேரம் சுடுகிறார்கள். பேரியம் கார்பனேட்டில் உள்ள கரியமில வாயு வெளியேறுகிறது. அது எளிதில் வெளியேறாது. அதை முழுவதும் விரட்டாவிட்டால், பின்னர் பீங்கானின் மணிகளுக்கு இடையே தங்கி மின்னோட்டத்துக்குக் குறுக்கே நிற்கும். சூட்டைக் கூட்டினால் சீக்கிரம் போய்விடுமே என்று அவசரப்படவும் கூடாது. 1000 பாகையைத் தாண்டிச் சற்று மேலே போனால் கறுப்புப் பொருள் உருகிச் சிதைந்து, மறுபடியும் அந்தப் பச்சைப் பொருள் வந்துவிடும்.

ஒருமுறை சுட்டால் போதாது. எடுத்து, ஆறவைத்து, மறுபடியும் கல்வத்தில் அரைத்து, மறுபடியும் சுட வேண்டும். சித்த மருத்துவத்தில் பஸ்மம் செய்கிறவர்கள் அரைத்துப் புடம் போட்டு, மீண்டும் அரைத்துப் புடம் போடுவார்கள் அல்லவா? அதே முறைதான். ஒவ்வொரு முறை அரைக்கும்போதும், இதுவரை தொடாத பருக்கைகள் புதிதாக ஒன்றையொன்று தொடுகின்றன. இரண்டு மூன்று புடத்துக்குப் பிறகு முழுவதும் ஒரே கறுப்பாகிறது. பிறகு அதை அச்சில் போட்டு, இறுக அழுத்தி, பெரிய மாத்திரைபோல் வில்லையாக்கி, கடைசியாக ஒருமுறை சுடுகிறார்கள்.

இப்போது வில்லை கறுப்பாக, கெட்டியாக, பார்க்க நன்றாகவே இருக்கிறது. கணக்கும் சரி, அரைத்ததும் சரி, சுட்டதும் சரி. அப்படியானால் மீக்கடத்தி தயாரா?

இல்லை, நேயர்களே. இந்த இடத்தில் அந்த வில்லையை உலையிலிருந்து சட்டென்று எடுத்து வெளியே போட்டால், அது மீக்கடத்தி ஆகாது. எவ்வளவு குளிரவைத்தாலும் ஆகாது. மின்கம்பத்துப் பீங்கானைப்போல் மின்சாரத்தைக் கடத்தாத பொருளாகக்கூட அது முடியலாம். என் மாணவன் கேட்ட கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

குறை ஆக்சிஜனில். நாம் பிராணவாயு என்கிறோமே, அதுதான். 950 பாகைச் சூட்டில் இந்தப் பீங்கான் தன்னிடமுள்ள ஆக்சிஜனில் ஒரு பகுதியை வெளியே விட்டுவிடுகிறது. 1 இட்ரியம், 2 பேரியம், 3 செம்பு கொண்ட ஒரு கூட்டத்துக்கு ஆக்சிஜன் அணு 7 இருக்க வேண்டும். உலையின் உச்சச் சூட்டில் அது 6க்கு அருகில் இறங்கிவிடுகிறது. 6 என்றால் மின்சாரம் ஓடாது. 7ஐ நெருங்கினால்தான் பூஜ்யத்துக்குக் கீழே 180 பாகையிலேயே மீக்கடத்தியாகிறது. ஓர் அணு கூடுவதிலும் குறைவதிலும்தான் வாழ்வும் சாவும்.

இதற்குக் காரணம் என்ன? இந்தப் பீங்கானின் உள்ளே செம்பும் ஆக்சிஜனும் சேர்ந்து அடுக்கடுக்கான தளங்களாக இருக்கின்றன. மின்சாரம் ஓடும் பாதை அந்தத் தளங்கள்தாம். ஆக்சிஜன் குறைவாக இருக்கும்போது, அந்தத் தளங்களில் எலெக்ட்ரான்கள் இடத்துக்கு ஒன்றாக நெருக்கியடித்து நிற்கின்றன. காலை நேரத்துப் பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லாமல் ஆட்கள் நின்றால், யாராவது ஓர் அடி நகர முடியுமா? நாலு பேர் இறங்கினால்தான் மற்றவர்கள் நகர முடியும். உள்ளே வந்து சேரும் ஆக்சிஜன் அந்த வேலையைச் செய்கிறது. அது தளங்களுக்கு அருகில் சங்கிலிபோல் வரிசையாக அமர்ந்துகொண்டு, தளத்திலிருந்து சில எலெக்ட்ரான்களைத் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது. இடம் கிடைக்கிறது, ஓட்டம் பிறக்கிறது.

ஆகவே, நான்காவது வேலைதான் உயிரான வேலை. உலைக்குள் ஆக்சிஜன் வாயுவை ஓடவிட்டு, மிக மெதுவாக ஆறவைக்க வேண்டும். 700 பாகையிலிருந்து 400 பாகை வரையில் இறங்கும்போது, இழந்த ஆக்சிஜனைப் பீங்கான் திரும்ப இழுத்துக்கொள்கிறது. மூச்சு வாங்குகிறது என்றே சொல்லலாம். நிமிடத்துக்கு 1 பாகை வீதம் 950இலிருந்து 400க்கு இறக்கினால் 9 மணி நேரத்துக்கு மேலாகும். சிலர் 450 பாகை அளவில் பல மணி நேரம் அப்படியே நிறுத்தியும் வைப்பார்கள். அதற்குள் ஆறிப்போனால் ஆக்சிஜன் உள்ளே நகர முடியாது. சூடு அதிகமாக இருந்தால் உள்ளே தங்காது.

கடைசியில் நிறுத்துப் பாருங்கள். 74.62 கிராம் போட்டோம். கரியமில வாயுவாக 8.8 கிராம் போய்விட்டது. ஆனால், கையில் இருப்பது 65.82 அன்று, முழுமையாக மூச்சு வாங்கிய பொருள் 66.62 கிராம் இருக்கும். கூடுதலான அந்த 0.8 கிராம் ஆக்சிஜன், நாம் தராசில் போட்டதன்று. உலைக்குள் ஓடிய வாயுவிலிருந்து வந்தது. அவசரப்பட்டு எடுத்த வில்லைக்கும் பொறுத்திருந்து எடுத்த வில்லைக்கும் உள்ள வேறுபாடு ஆக்சிஜனில்தான்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. அவசரத்தில் கெட்டுப்போன வில்லையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதை மறுபடியும் ஆக்சிஜனில் வைத்து 450 பாகை அளவுக்குச் சூடாக்கி, போதிய நேரம் கொடுத்தால், விட்ட மூச்சை அது திரும்ப வாங்கிக்கொள்ளும்.

அரைத்துச் சுடும் இந்த முறைக்குப் பதிலாக, பெட்நோர்ஸ் செய்ததுபோல் கரைசலிலிருந்து தொடங்குவாரும் உண்டு. உப்புகள் தண்ணீரில் கரையும்போது அணு அணுவாகவே கலந்துவிடுவதால், எந்தக் கல்வமும் அரைக்க முடியாத அளவுக்கு நயமான கலவை கிடைக்கிறது. ஆக்சாலிக் ஆசிட் முறையில் ஓர் ஆபத்து உண்டு. கரைசலின் புளிப்பு அளவு சரியாக இல்லாவிட்டால், பேரியத்தில் ஒரு பகுதி படியாமல் தண்ணீரோடு போய்விடும். ஆசிட் பிசகினால் தொட்டியில் பால் சரியாக உறையாமல் வெள்ளைத் தண்ணீராக வீணாவதைப் போன்றது இது. ஒன்று, இரண்டு, மூன்று என்ற கணக்கு அங்கேயே உடைந்துவிடும். இன்னொரு முறையில் எலுமிச்சம்பழத்தில் உள்ள அதே சிட்ரிக் ஆசிட்டைப் பயன்படுத்துகிறார்கள். அது உலோக அணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. தண்ணீரை வற்றக் காய்ச்சினால் பாகுபோல் இறுகும். அதைச் சுட்டு எரித்தால் மிக நயமான தூள் கிடைக்கும்.

சரி, செய்து முடித்த வில்லை உண்மையிலேயே மீக்கடத்திதானா என்று எப்படி அறிவது? அதைத் திரவ நைட்ரஜனில் வைத்து, மேலே ஒரு சிறு காந்தத்தை வையுங்கள். மீக்கடத்தி தன் உள்ளே காந்தப் புலத்தை நுழையவிடாமல் தள்ளும். 1933ஆம் ஆண்டு ஜெர்மனியில் மைஸ்னர், ஓஹ்சன்ஃபெல்ட் என்ற இருவர் கண்ட உண்மை இது. காந்தம் வில்லையைத் தொடாமல் அந்தரத்தில் மிதக்கும். மின்தடையையும் தனியே அளக்க வேண்டும். இரண்டு சாட்சியும் ஒத்துப்போனால்தான் நம்பலாம்.

இந்தச் சோதனையில் கவனம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2023 ஜூலையில் தென்கொரியாவில் சிலர், எல்.கே.-99 என்ற பொருள் அறை வெப்பத்திலேயே மீக்கடத்தியாக இருக்கிறது என்று அறிவித்தார்கள். உலகமே பரபரப்பானது. சில வாரங்களுக்குள் பல நாட்டு ஆய்வாளர்கள் அதைச் செய்து பார்த்து, அது மீக்கடத்தி அன்று என்று காட்டிவிட்டார்கள். தயாரிப்பின்போது உள்ளே தங்கிய செம்புச் சல்பைடு என்ற கலப்படம்தான், ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் மின்தடையைச் சட்டென்று குறைத்து அவர்களை ஏமாற்றியிருந்தது. கலவை தூய்மையாக இல்லாவிட்டால், பொருள் மட்டுமன்று, செய்தவரின் கண்ணும் ஏமாந்து போகும்.

ஒன்று-இரண்டு-மூன்றுக்குப் பிறகும் புதுப் பீங்கான்கள் வந்தன. 1988ஆம் ஆண்டு ஜப்பானில் பிஸ்மத் என்ற உலோகத்தைச் சேர்த்துச் செய்தார்கள். அந்த வகையில் ஒன்று பூஜ்யத்துக்குக் கீழே 163 பாகையில் மீக்கடத்தியானது. 1993இல் பாதரசம் சேர்த்த பீங்கான் 140 பாகை அளவுக்கு வந்தது. சாதாரணக் காற்றழுத்தத்தில், நம் வீட்டுக்குள் இருக்கும் வெப்பத்தில் மீக்கடத்தியாகும் பொருள் இன்றுவரை உறுதியாகக் கிடைக்கவில்லை.

இந்தப் பீங்கான்களுக்குக் குறைகளும் உண்டு. பீங்கான் கோப்பையை வளைக்க முடியாததுபோல இதையும் கம்பியாக வளைக்க முடியாது, உடைந்துவிடும். இதற்கு வழி கண்டார்கள். பிஸ்மத் வகைத் தூளை வெள்ளிக் குழாய்க்குள் அடைத்து, இழுத்து, நாடாவாகத் தட்டிச் சுட்டார்கள். வெள்ளி ஏன் தெரியுமா? சூட்டில் ஆக்சிஜனைத் தன் வழியே உள்ளே போகவிடும், பீங்கானையும் கெடுக்காது. மூச்சு வாங்க வழிவிட வேண்டும் என்பதை இங்கேயும் பாருங்கள். இட்ரியம் வகையை, வளையக்கூடிய உலோக நாடாவின் மேல் மிக மெல்லிய பூச்சாகப் படிய வைக்கிறார்கள்.

இன்னொரு குறை ஈரம். ஒன்று-இரண்டு-மூன்று பீங்கான் ஈரக் காற்றில் கிடந்தால், தண்ணீர் அதிலுள்ள பேரியத்தைப் பிடித்துக்கொண்டு பீங்கானைச் சிதைக்கும். மழையும் புழுக்கமும் நிறைந்த நம் நாட்டில் அதை உலர்ந்த பாத்திரத்தில் மூடித்தான் வைக்க வேண்டும்.

பெற்றோர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பேரியம் கார்பனேட் நஞ்சு. எலி மருந்தாகவே பயன்பட்ட பொருள். திரவ நைட்ரஜன் தோலில் தங்கினால் நெருப்புப்போல் புண்ணாக்கும். மூடிய அறையில் அது ஆவியானால் மூச்சுத் திணறும். ஆகவே, இது வீட்டு அடுப்பில் செய்து பார்க்கும் காரியம் அன்று. தெரிந்தவர் மேற்பார்வையில் ஆய்வுக்கூடத்தில்தான் செய்ய வேண்டும்.

இதனால் என்ன பயன் விளைந்திருக்கிறது? 2014ஆம் ஆண்டு ஜெர்மனியின் எசென் நகரில், ஏறத்தாழ 1 கிலோமீட்டர் நீளமுள்ள மீக்கடத்தி மின்கம்பியைத் தரைக்கடியில் புதைத்து மின்சாரம் அனுப்பினார்கள். 2021இல் அமெரிக்காவில், ஒன்று-இரண்டு-மூன்று குடும்பத்தைச் சேர்ந்த நாடாவைச் சுற்றிச் செய்த ஒரு பெரிய காந்தம் 20 டெஸ்லா என்ற மிகுந்த வலுவை எட்டியது. மருத்துவமனைகளில் உடம்பின் உட்பகுதியைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. இயந்திரங்களில் பெரும்பாலானவை இன்னும் பழைய உலோக மீக்கடத்தியில்தான் இயங்குகின்றன. நம் மலேசியாவிலும் தேசியப் பல்கலைக்கழகம், புத்ரா பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் இந்தப் பீங்கான்களைச் செய்து ஆராய்ந்து வருகிறார்கள்.

இவ்வளவு சொன்னதும், "இதெல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைகள் படிப்பது, நம் பிள்ளைகளுக்கு எட்டுமா?" என்று சில பெற்றோர் நினைக்கலாம். பள்ளிக்கூட வாசலில் நான் பலமுறை கேட்ட பேச்சு இது. அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1987ஆம் ஆண்டிலேயே கலிபோர்னியாவில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் மாணவர்கள், ஓர் ஆய்வாளரின் துணையோடு இந்த மீக்கடத்தியைச் செய்து, காந்தத்தை மிதக்கவிட்டுக் காட்டினார்கள். அதற்கு வேண்டியிருந்தவை ஒரு தராசு, ஒரு கல்வம், ஓர் உலை, கொஞ்சம் ஆக்சிஜன். நோபல் பரிசு பெற்ற பொருளைச் செய்ய நிறுக்கவும், அரைக்கவும், காத்திருக்கவும் தெரிந்தால் போதுமாயிருந்தது.

பாலில் ஆசிட் எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று அளந்து பழகிய கைகள் நம்முடையவை. ரப்பர் ஷீட்டைப் புகைபோடும்போது, சூடு கூடினால் கெடும், குறைந்தால் காயாது என்று கண்விழித்துக் காத்தவர்கள் நம் பெரியவர்கள். அளவும் பொறுமையும் நமக்குப் புதியவை அல்ல. உங்கள் பிள்ளை நாளைக்குப் பள்ளியிலிருந்து வந்து, கிராம் கணக்கும் பின்னக் கணக்கும் எதற்கு என்று சலித்துக்கொண்டால், அந்த 0.8 கிராமின் கதையைச் சொல்லுங்கள். அதைத் தவறவிட்டால் கையில் இருப்பது வெறும் கறுப்புப் பீங்கான். அதைப் பெற்றுவிட்டால் தடையில்லாமல் மின்சாரம் ஓடும்.